இரு நூல்களும் கூடுமிடம்
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

தறியில் ஓடுவதும் நூல்; ஏட்டில் எழுதுவதும் நூல். இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடினால் சங்கத்திற்கு விளையும் பயன் யாது என்பதே இம்மாதப் பாடம்.

புதுவை நகரின் பொது நூலகம் 1827-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியில் நிறுவப்பெற்றது. தொடக்கத்தில் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. பின்னரே மற்றவர்க்கும் அதன் கதவு திறந்தது. 1966-இல் அதற்கு ரொமேன் ரோலந்தின் பெயர் சூட்டப்பெற்றது. காந்தியடிகளின் வரலாற்றை 1924-இல் பிரெஞ்சில் எழுதி வெளியிட்ட பேரறிஞர் அவர்.

அந்த நூற்றாண்டிலேயே புதுவையின் நீலத்துணி கப்பலேறி, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகால் ஆற்றங்கரையை அடைந்தது. அங்கே வேலம்பிசின் வாங்குவதற்கு அது நாணயம்போல் வழங்கிற்று. துணியை உலகம் அறிந்தது, நெய்தவரை அறியவில்லை.

இக்குறை இன்னும் முற்றும் நீங்கவில்லை. தணிக்கைக்குச் சென்றவிடத்தில் ஒரு சங்கத்தின் பொருட்காட்சியைக் கண்டேன். ஒவ்வொரு சேலையிலும் விலைச்சீட்டு இருந்தது. பெயர் ஒன்றிலும் இல்லை. மூதாட்டி ஒருவர் ஒரு சேலையைத் தொட்டு, "இந்தப் புட்டா நான் போட்டதுங்க, ஐயா" என்றார். அதற்குச் சான்று அவர் சொல் ஒன்றே.

நூலகத்தில் காட்சி வைத்தல் இதற்கொரு மருந்தாகும். கடைக்கு வருபவர் விலையைக் கேட்பர். நூலகத்திற்கு வருபவர் விவரத்தைக் கேட்பர். வில்லியனூர்ச் சுடுமண் வேலையும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றை நெசவோடு சேர்த்து வைக்கலாம். உழவர் வீட்டுக் கூடையும் பாயும் இடம்பெறத் தக்கனவே. கலைஞர் ஒன்றுகூடின் ஊரே எழும் என்பதற்குச் சென்னையருகே 1966-இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் தோன்றிய சோழமண்டலம் சான்று. பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணமே அவர்கள் நிலம் வாங்க உதவிற்று.

செய்ய வேண்டுவன:

1. நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, நூலக அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுக.
2. ஒவ்வொரு பொருளுக்கும் செய்தவர் பெயர், ஊர், நூல் நம்பர், சாயம், உழைத்த நாள்கள் ஆகியவற்றை எழுதி வைக்குக.
3. துணியில் ஆணி அடிக்கலாகாது, மூங்கிலில் தொங்கவிடுக. நேர் வெயில் பட்டால் சாயம் வெளிறும்.
4. சரக்கை இருப்புப் பதிவேட்டில் பற்று வைத்து அனுப்புக, திரும்பியதும் சரிபார்க்குக.

சிந்திக்க: நம் சங்கத்தின் சிறந்த வேலைப்பாடு எது? அதைச் செய்தவர் பெயர் நம் பதிவேட்டிலாவது உள்ளதா? அடுத்த கூட்டத்தில் இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்க.