சின்னண்ணன்

ஆவடி

கர்த்தருக்குள் பிரியமான மருமகனுக்கு மாமா எழுதுவது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் உனக்குச் சூப்பர்வைசர் பதவி கிடைத்த செய்தியையும், அதே சமயத்தில் சபையார் உன்னைப் பாஸ்டரேட் கமிட்டிக்குத் தெரிந்தெடுத்த செய்தியையும் அக்கா போனில் சொன்னபோது பூரித்தேன். இவ்விரண்டு உயர்வுகளின் நடுவே தாழ்மையைக் காத்துக்கொள்வது எப்படி என்று நீ கேட்டு எழுதியது அதனினும் சந்தோஷம். ஆனால் ‘தகுதியற்ற அடியேன்’ என்று கடிதம் நெடுகிலும் எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் விட்டுவிடு. சாட்சி சொல்ல எழுந்து, ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ என்று கண்ணீர் மல்கக் கூறும் ஒருவரைப் பார்த்து, ‘வாஸ்தவந்தான் ஐயா’ என்று யாரேனும் ஆமோதித்துவிட்டால், அடுத்த ஞாயிறு அவர் வேறு சபைக்குப் போய்விடுவார்.

வார்த்தையில் இல்லாத தாழ்மைக்கு உதாரணம் வேண்டுமானால், நம் ஊர் வழியாக ஓடும் ரயில் தடத்திலேயே இருக்கும் திருப்பத்தூரை நினைத்துக்கொள். ஸ்காட்லாந்து தேசத்தில் நூல் ஆலைகளால் செல்வம் கொழித்த குடும்பத்திற் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற மருத்துவரும், சீமையில் மருத்துவம் பயின்ற நம் நாட்டுச் சவரிராயன் இயேசுதாசனும் சேர்ந்து, 1921-ஆம் வருஷம் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் இந்தியர் ஒருவருக்குக் கீழ்ப்பட்டிருப்பது என்பது சர்க்கார் கச்சேரியில் மட்டுமன்றி, சகோதரத்துவத்தைப் பிரசங்கித்த மிஷன் பங்களாக்களிலும் அபூர்வமாயிருந்த அந்தக் காலத்தில், இயேசுதாசன் பெரியண்ணன் என்றும் பேட்டன் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பட்டார்கள். அப்படியே கடைசிவரை வாழ்ந்தும் காட்டினார்கள். வயதிலும் பேட்டன் இளையவர்தானே என்று நீ சொல்லலாம். ஆளும் இனத்திற் பிறந்து, கையில் பணமும் இருக்கிறவனுடைய வயதை உலகம் எங்கே பார்க்கிறது?

1932-ஆம் வருஷம் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த சமயம், கதர் உடுத்தி வீதியில் நின்ற அந்தச் சின்னண்ணனைப் போலீஸார் தடியால் அடித்து, நிறம் கலந்த நீரையும் பீய்ச்சினார்கள். வழக்கும் தொடுத்தார்கள், விஷயம் லண்டன் பார்லிமெண்டில் கேள்வியாக எழுந்தது, பிறகு வழக்கு வாபஸாயிற்று. அடிபட்டவர் வெள்ளைக்காரர் என்பதனாலேயே பார்லிமெண்டு காது கொடுத்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்நாட்களில் அடிபட்ட எத்தனையோ கதர்க்காரர்களுக்காக அங்கே எவரும் எழுந்து பேசவில்லை. ஆயினும், தம் இனத்தாருக்குரிய உடையையும் அந்த உடையோடு வருகிற பாதுகாப்பையும் தாமாகவே கழற்றி வைத்தவருக்கு அந்தத் தடியடி நேர்ந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

தானாகவே கழற்றி வைப்பது என்றேன். இந்த விஷயத்தில் நீ மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தாழ்மை, உயர்ந்த ஸ்தானத்தில் இருப்பவன் மனமுவந்து ஏற்பதேயன்றி, கீழே இருப்பவன் தலையில் அவன் சுமத்துவது அன்று. சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே ஒழிய வேண்டுமென்று கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833-இல் கட்டளையிட்டபோது, எல்லோரோடும் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவதைவிடத் திருவிருந்தை விட்டுவிடுவதே மேல் என்று விலகி நின்றவர்கள் நம் தமிழ்ச் சபைகளில் இருந்தார்கள். அவர்களும் அதற்கு முந்தின ஞாயிறுவரை முழங்காற்படியிட்டுத் தங்களைப் பாவிகள் என்று அறிக்கையிட்டவர்களே. ஆகவே, கமிட்டியில் எவரேனும் ‘அந்தத் தெருக்காரர்கள் கொஞ்சம் தாழ்மையாக இருக்கக் கூடாதா’ என்று பேசக் கேட்டால், வாயை மூடிக்கொண்டிராதே. அந்த இடத்தில் மௌனம் தாழ்மை ஆகாது.

தொழிற்சாலையிலும் அவ்விதமே. மேனேஜர் எதிரில் கைகட்டி நின்றுவிட்டு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கான்ட்ராக்டில் உழைக்கும் பையன்களை ‘டேய்’ என்று அதட்டுகிறவனுக்கு இருப்பது பயமேயொழிய வேறில்லை. ஒரு ஜாப் ரிஜெக்ட் ஆனால், மெஷினில் நின்றவன் பெயரை எழுதுமுன் நீ கொடுத்த செட்டிங் சரியா என்று பார். நைட் ஷிஃப்டில் அவர்களுக்குப் பின்னால் டீ குடி. லேத்தில் தலை நரைத்தவர் சொல்லும் யோசனை உன் டிப்ளமாவுக்கு விரோதமாகத் தோன்றினாலும் ஒருமுறை செய்து பார். பலித்தால் அதை அவர் பெயராலேயே மேலிடத்துக்குச் சொல். இந்தக் கடைசிக் காரியம்தான் எல்லாவற்றிலும் கஷ்டமானது.

சபை விஷயத்தில் ஒன்று. மின்விசிறிக்கு மின்விசிறி, பெஞ்சுக்குப் பெஞ்சு உபயக்காரர் பெயர் எழுதியிருக்கும் ஆலயங்களில் உட்கார்ந்து மலைப்பிரசங்கத்தைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. பக்கத்துப் பூந்தமல்லியிற் பிறந்த திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசுவதையே ஆயுட்கால ஊழியமாகக் கொண்டவர் என்றும், பிராமணரான ராமானுஜர் வைசிய குலத்தவரான அவரைக் குருவாக வரித்தார் என்றும் வைணவர்கள் பக்தியோடு சொல்வார்கள்; அவர் வீசிய விசிறியில் பெயர் இருந்ததாக எவரும் சொன்னதில்லை. பிற சமயத்தாரிடம் நாம் கற்றுக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கமிட்டி மெம்பர் என்ற கௌரவத்துக்காக ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடாதே என்று அத்தை சொல்லச் சொன்னாள். கொடுக்க நினைப்பதைக் காணிக்கைக் கவரில் பெயரில்லாமல் போட்டுவிடு. மழைக்காலம் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை நாம் இருவரும் திருப்பத்தூர் போய்வருவோம். ஜோலார்பேட்டையில் இறங்கினால் பஸ் இருக்கிறது. கோபுரத்தோடு திராவிடச் சிற்ப முறையில் கட்டிய அந்த ஆசிரமத்து ஜெபாலயத்தை நீ பார்த்ததில்லை. உன் லீவு எப்போது என்று எழுது, டிக்கெட் நான் எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா