மருந்தியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு

நம் சங்கக் குடும்பங்களில் பி.ஃபார்ம் படிக்கும் பிள்ளைகள் ‘ஆராய்ச்சி முறை’ என்ற பாடத்தைக் கண்டு மிரளுகிறார்கள். அதன் அடிப்படை எளியது.

நான் ரயில்வேயில் இருந்தவன். புதிய பிரேக் கட்டையைச் சமவெளி வண்டியிலும் பழையதை மலைப்பாதை வண்டியிலும் பூட்டிவிட்டு, ‘புதியது குறைவாகத் தேய்ந்தது’ என்றால் யார் ஒப்புவார்கள்? மருந்துக்கும் அதே நியாயம்தான்.

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வைப் பாருங்கள். சானடோரியங்களில் இடம் போதாத காலம். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா என்பது கேள்வி. மருத்துவரே ஆளைப் பொறுக்கியிருந்தால், நோய் முற்றியவர்கள் சானடோரியத்துக்கே போயிருப்பார்கள். வீட்டுச் சிகிச்சைக்கு வீண் புகழ் கிடைத்திருக்கும். எனவே 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். இரு சாராருக்கும் ஓராண்டு அதே மருந்துகள். வீட்டில் இட நெருக்கடி, உணவும் குறைவு. ஆயினும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று.

மாணவச் செல்வங்களே, எந்த ஆய்வைப் படித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதோடு ஒப்பிட்டார்கள்? ஆட்களை எப்படிப் பிரித்தார்கள்? பாதியில் நின்றவர்களையும் கணக்கில் சேர்த்தார்களா? அந்த முடிவை நம்பித்தான் யாரோ ஒருவர் மாத்திரையை விழுங்கப் போகிறார்.