செம்பருத்தியின் உறவுகள்

நாம் செம்பருத்தி என்றும் செம்பரத்தை என்றும் வழங்கும் மலரைத் தில்லியில் குட்ஹல் என்பர். மும்பையில் ஜாஸ்வந்த் என்பர். கொல்கத்தாவில் ஜொபா என்பர். மராட்டியர் அதனைப் பிள்ளையாருக்குச் சூட்டுவர். வங்காளியர் காளிக்குச் சாத்துவர். இப்பெயர்களுள் தமிழ்ப்பெயருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. செம்மை + பருத்தி எனப் பிரித்தால், அம்மலரின் உறவுமுறை அதன் பெயரிலேயே விளங்கும். தாவரவியலாரும் செம்பருத்தியையும் பருத்தியையும் மால்வேசி என்னும் ஒரே குடும்பத்தில் வைத்துள்ளனர்.

இவ்வுறவை நீங்களே கண்டறியலாம். செம்பருத்தி மலரின் நடுவிலிருந்து நீண்ட குழல் ஒன்று எழுகிறது. மகரந்தத்தாள்கள் பல ஒன்றாக இணைந்து அக்குழல் உண்டாகிறது. அதனுள்ளே செல்லும் சூல்தண்டு, நுனியில் ஐந்தாகப் பிரிகிறது. பருத்தி, வெண்டை, பூவரசு, துத்தி ஆகியவற்றின் மலர்களிலும் இத்தகைய மகரந்தக் குழலைக் காணலாம். லின்னேயஸ் 1753இல் வெண்டையையும் பூவரசையும் செம்பருத்தி இனத்திலேயே சேர்த்திருந்தார். பிற்காலத்தவரே அவற்றைப் பிரித்தனர். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் இதழ்களாக மாறிவிடுவதால், குழலைக் காண ஒற்றைப் பூவே ஏற்றது.

செம்பருத்தி வெப்பநிலத்துச் செடி, உறைபனியைத் தாங்காது. பெரும்பாலும் விதை வைக்காததால், கிளையை வெட்டி நட்டே வளர்க்கின்றனர். தென்கொரியாவின் தேசிய மலரோ குளிரில் இலையுதிர்த்து, வேனிலில் மீண்டும் தழைக்கும் இனமாகும். கடலோர உவர்நிலத்தில் வளர்வது நீர்ப்பருத்தி. அந்தமான் கரைகளிலும் அதனைக் காணலாம். அதன் பட்டை நாரால் கயிறு திரிப்பர். அதன் மஞ்சள் மலர் மாலையில் செந்நிறமாகும். வங்காளத்தில் கூதிர்காலத்தில் மலரும் ஸ்தலபத்மம் இதனினும் வியப்புக்குரியது. காலையில் வெண்மையாக விரிந்து, நண்பகலில் இளஞ்சிவப்பாகி, மாலையில் சிவந்து குவியும். நிலத்தில் பூக்கும் தாமரை என்பது அப்பெயரின் பொருள்.

உண்ணும் இனமும் உண்டு. ஆந்திரர் கோங்குரா என்றும், அசாமியர் டெங்கா மொரா என்றும் சமைக்கும் புளிச்சைக்கீரை இவ்வினத்ததே.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: செந்தாமரை, செங்காந்தள்.
2. நீர்ப்பருத்தியும் ஸ்தலபத்மமும் நிறம் மாறும் முறையை ஒப்பிட்டு எழுதுக.
3. வெண்டைப் பூ ஒன்றை உற்றுநோக்கி, அதன் நடுக்குழலை வரைக.
4. உங்கள் அண்டை வீட்டார் செம்பருத்தியை எப்பெயரால் அழைக்கின்றனர்? கேட்டறிந்து தமிழில் எழுதுக.