புகை படிந்த சுவர்: முதலில் கழுவுங்கள், பிறகு சாயம் பூசுங்கள்

தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் பூச எண்ணியிருக்கிறீர்களா? வீட்டில் ஒருவர் புகைபிடிப்பவர் என்றால், சாயம் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்.

சுவரில் படிந்திருப்பது என்ன?

புகை கண்ணுக்கு மறைந்தாலும், அதிலுள்ள நிக்கோட்டினும் தாரும் சுவர், கூரை, திரைச்சீலை, சோபா ஆகியவற்றில் பிசுபிசுப்பாகப் படிகின்றன. இதை ‘மூன்றாம் நிலைப் புகை’ என்பார்கள். மஞ்சள் கறையும் போகாத வாடையும் இதன் அடையாளங்கள். இது பல மாதங்கள் நீடிக்கும். மெல்ல மெல்ல மீண்டும் காற்றில் கலக்கும். தவழும் பேரப்பிள்ளைகள் சுவரையும் தரையையும் தொட்டுவிட்டு, கையை வாயில் வைப்பதால் அவர்களுக்கு ஆபத்து அதிகம்.

எப்படிச் சுத்தம் செய்வது?

1. சன்னல்களைத் திறந்து வையுங்கள். கையுறை அணியுங்கள்.
2. வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள்.
3. சுவரைக் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். அழுக்கு நீர் காய்ந்த சுவரில் வழிந்தால் கோடு விழும்.
4. நீரை அடிக்கடி மாற்றுங்கள். கடைசியாகச் சுத்தமான நீரால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.
5. திரைச்சீலைகளையும் மெத்தை உறைகளையும் துவையுங்கள்.

கவனம்: பிளீச்சுடன் வினிகரையோ மற்றத் துப்புரவுத் திரவங்களையோ கலக்காதீர்கள், நச்சு வாயு உண்டாகும். நாற்காலிமீது ஏறிக் கூரையைத் துடைக்காதீர்கள். பிள்ளைகளையோ ஆள் வைத்தோ செய்யச் சொல்லுங்கள்.

எந்தச் சாயம் நல்லது?

கழுவாமல் சாயம் பூசினால், சில வாரங்களில் மஞ்சள் கறை மேலே கசிந்து வரலாம், வாடையும் திரும்பும். கழுவிக் காய்ந்த சுவரில் முதலில் கறையைத் தடுக்கும் பிரைமர் பூசச் சொல்லுங்கள். அதன்மேல், துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய, லேசான பளபளப்புள்ள சாயம் பூசலாம். பளபளப்பே இல்லாத சாயத்தில் கறை எளிதில் ஊறும். வாடை குறைந்த, ‘சிங்கப்பூர் பசுமை முத்திரை’ உள்ள சாயத்தைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

சாயம் மட்டும் போதுமா?

போதாது. வீட்டுக்குள் புகைபிடிப்பது தொடர்ந்தால், புதுச் சுவரிலும் அதே கறை படியும். சன்னலோரம் நின்று புகைத்தாலும், மின்விசிறியைப் போட்டாலும், புகை அடுத்த அறைக்குப் போகத்தான் செய்யும். வீவக புளோக்கின் பொது நடைபாதை, மாடிப்படி, கீழ்த்தளம் ஆகிய இடங்களில் புகைபிடிக்கச் சட்டப்படி தடை உள்ளது.

ஆகவே, சாயம் பூசும் நாளையே ‘இனி வீட்டுக்குள் புகை இல்லை’ என்று குடும்பமாக முடிவெடுக்கும் நாளாக ஆக்குங்கள். சாம்பல் கிண்ணத்தை அன்றே அப்புறப்படுத்துங்கள்.

பல ஆண்டுப் பழக்கமாயிற்றே என்று தயங்க வேண்டாம். எந்த வயதில் விட்டாலும் உடலுக்கு நன்மையே. உதவிக்கு 1800 438 2000 என்ற எண்ணை அழையுங்கள்.