பசுங்கணிகச் சவ்வின் கொழுமிய அமைப்பும் ஒளிச்சேர்க்கைத் திறனும்: அராபிடாப்சிஸ் பிறழ்வுச் செடிகளை முன்வைத்து

ஒளிச்சேர்க்கையின் ஒளிவினை பசுங்கணிகத்தினுள் அமைந்த தைலகாய்டு சவ்வில் நிகழ்கிறது. இச்சவ்வின் கொழுமியங்களுள் ஒரு கேலக்டோஸ் உடையது ஏறத்தாழ 50 விழுக்காடாகவும், இரு கேலக்டோஸ் உடையது ஏறத்தாழ 25 விழுக்காடாகவும் உள்ளன. ('கொழுப்பு' என்னும் சொல் சேமிப்பு உணவையே நினைவூட்டுவதால், சவ்வின் கட்டுமானப் பொருளைக் குறிக்கக் 'கொழுமியம்' என்பதே இங்கு ஏற்புடையது.) இவ்விகிதம் குலைந்தால் ஒளிச்சேர்க்கை யாதாகும் என்பதற்குக் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸின் பிறழ்வுச் செடிகள் விடை தருகின்றன.

முதல் விடை எதிர்பாராததாக அமைந்தது. பசுங்கணிகத்தின் பாஸ்படிடைல் கிளிசராலில் மட்டும் காணப்படும் தனித்த கொழுப்பு அமிலம் ஒன்று ஒளிச்சேர்க்கைக்கு இன்றியமையாதது எனக் கருதப்பட்டு வந்தது. 1985இல் பிரவுஸ், மெக்கோர்ட், சோமர்வில் ஆகியோர் அவ்வமிலம் அறவே இல்லாத பிறழ்வுச் செடியை அறிவித்தனர். அது இயல்பாகவே வளர்ந்தது. ஓரிடத்தில் மட்டுமே காணப்படுவது என்பதனாலேயே ஒன்றை இன்றியமையாதது எனக் கொள்ளலாகாது என்பதை இச்செடி காட்டிற்று.

1995இல் டோர்மன், பென்னிங் முதலியோர் அறிவித்த டி.ஜி.டி.1 பிறழ்வு இதற்கு நேர்மாறானது. அதில் இரு கேலக்டோஸ் கொழுமியம் 90 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்திருந்தது. செடி குறுகியது, இலை வெளிறியது, தைலகாய்டுகள் வளைந்து ஒழுங்கு குலைந்தன, ஒளிச்சேர்க்கைத் திறனும் தாழ்ந்தது. எனினும் குறைபாட்டிற்குக் காரணம் சவ்வின் வடிவக் குலைவா, கேலக்டோஸ் இன்மையா என்பதை இச்செடியைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது. இரண்டும் ஒருங்கே நேர்ந்துள்ளமையே காரணம்.

அவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது 2006இல் ஹோல்சல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. குளோரோஃபிளெக்சஸ் என்னும் பாக்டீரியத்தின் மரபணுவை டி.ஜி.டி.1 செடியில் செலுத்தி, இரண்டாம் கேலக்டோஸின் இடத்தில் குளுக்கோஸ் அமைந்த கொழுமியத்தை அவர்கள் உருவாக்கினர். இரு சர்க்கரையுடைய இக்கொழுமியமும் ஈரடுக்குச் சவ்வாக அமையவல்லது. செடியின் வளர்ச்சி மீண்டது. ஒளிச்சேர்க்கையோ ஓரளவே மீண்டது. குளுக்கோஸும் கேலக்டோஸும் ஒரே வாய்பாடுடையவை. நான்காம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியின் திசை ஒன்றே வேறு. ஆகவே வளர்ச்சிக்கு ஈரடுக்கு அமைக்கும் பண்பு பெரிதும் போதுமானதாகிறது. ஒளிச்சேர்க்கையின் முழுத்திறனுக்குக் கேலக்டோஸ் தலையே வேண்டியிருக்கிறது எனக் கொள்வது பொருந்தும். டி.ஜி.டி.1 செடியின் குறுகிய வளர்ச்சியை ஒளிச்சேர்க்கைக் குறைவின் நேர்விளைவாக மட்டும் விளக்குவது இதன்பின் ஏற்கத்தக்கதன்று.