பூச்சி ரோபோவும் நாம் பரப்பும் செய்தியும்



பூச்சியைப் பார்த்துச் செய்த குட்டி ரோபோக்கள் பற்றிச் செய்தி வந்தால் நம்மிடம் இரண்டு பேச்சுதான். "வீட்டுக்குள் புகுந்து உளவு பார்க்கும்" என்பது ஒன்று. "ஓர் ஈயைக்கூடப் படைக்க முடியாதே!" என்ற ஏளனம் மற்றொன்று.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2013-இல் பறக்கவிட்ட 'ரோபோபீ'யின் எடை சுமார் 80 மில்லிகிராம். விநாடிக்கு 120 தடவை சிறகடித்தது. ஆனால் மின்சாரம் மெல்லிய கம்பி வழியாகத்தான் வந்தது. கம்பியின் நீளத்தைத் தாண்டிப் போக முடியாது. (நம் பருத்திக் காட்டுத் தேனீக்குக் கம்பி ஏது!) 2019-இல் கம்பியில்லாமல் பறந்ததும் கடும் விளக்கொளியில்தான், அதுவும் ஒரு கணம்.

செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்கிறது அல்ஹுஜுராத் 6-ஆம் வசனம். நாமோ வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே தள்ளிவிடுகிறோம்.

உளவு பற்றிய அச்சம் வீண் என்று சொல்லவில்லை. நுட்பம் வளரும். துருவி ஆராய்வதைத் தடுக்கும் 12-ஆம் வசனம் இயந்திரத்துக்கல்ல, மனிதனுக்கு இறங்கியது. பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பவருக்கும் அதுதான் சட்டம்.

ஈயைப் பற்றிய அல்ஹஜ் 73-ஆம் வசனம், அல்லாஹ்வையன்றி அழைக்கப்படுபவற்றின் இயலாமையைச் சொல்கிறது. ஆராய்ச்சியாளரை இளக்காரம் செய்ய அதை எடுக்காதீர்கள். உங்கள் பிள்ளை ஆசையோடு கேட்டால், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் பூச்சிகள் பறக்கும் விதத்தை ஆராய்கிறார்கள் என்று சொல்லுங்கள்.