இரவுக்கு வேண்டிய பால் பாட்டில்களை முன்கூட்டியே கலந்து வைக்கலாமா?

 

ரமலான் வந்துவிட்டால் நம் வீடுகளில் இரவும் பகலும் இடம் மாறிவிடும். தராவீஹ் தொழுகை, ஸஹர் சமையல், இவற்றுக்கு நடுவே கைக்குழந்தைக்குப் பால். அதனால் பவுடர் பால் கொடுக்கும் சில வீடுகளில் இஷாவுக்கு முன்பே மூன்று, நான்கு பாட்டில்களைக் கலந்து கட்டில் ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். நிக்காஹ், வெளியூர்ப் பயணம் என்றாலும் இதே வழக்கம்தான். இதில் எது சரி, எது ஆபத்து என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும்; தண்ணீர்கூடத் தேவையில்லை. தாய்ப்பாலே சிறந்தது என்று பவுடர் டப்பாவிலேயே அச்சிட வேண்டும் என நம் நாட்டின் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் உம்மாவின் நோய், குறைமாதப் பிரசவம், தாயை இழந்த நிலை போன்ற காரணங்களால் மருத்துவர் சொல்லிப் பவுடர் பால் கொடுக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறை சொல்வதால் பயன் இல்லை. சரியான முறையைத் தெரிந்துகொள்வதே குழந்தைக்கு நல்லது.

பவுடரிலேயே கிருமி இருக்கலாம்

புதிதாகப் பிரித்த டப்பாவில் கிருமி இருக்காது என்றே நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. பால் பவுடர் முற்றிலும் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. குரோனோபாக்டர், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் மிகச் சிறிய அளவில் இருக்கக்கூடும். காய்ந்த பவுடரில் அவை பெருகாமல் கிடக்கும். தண்ணீரும் வெதுவெதுப்பும் கிடைத்தால் வேகமாகப் பெருகும். கட்டில் ஓரத்தில் இரவு முழுவதும் இருக்கும் பாட்டிலில் நடப்பது இதுதான். பால் திரியாமலும் வாடை வராமலும் இருக்கலாம். அதை வைத்து நல்ல பால் என்று முடிவு செய்ய முடியாது.

இந்த நோய் அரிதானது. ஆனால் வந்துவிட்டால் இரத்தத்தையும் மூளையைச் சுற்றியுள்ள உறையையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு மாதம் நிறையாத குழந்தைகள், குறைமாதக் குழந்தைகள், எடை குறைந்து பிறந்தவர்கள் ஆகியோருக்கே அபாயம் அதிகம்.

கலக்கும் முறை

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டில், நிப்பிள், மூடி ஆகியவற்றைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் முழுவதும் மூழ்க வைத்துப் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். பாட்டிலுக்குப் பதில் பாலாடை அல்லது சங்கு பயன்படுத்தினால் கழுவுவது எளிது. இடுக்குகளில் பால் தங்காது.

பவுடரில் உள்ள கிருமியைக் கொல்ல, கலக்கும் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அதற்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. ஒரு லிட்டர் அளவு தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து மூடி, அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்தினால் போதும். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், ஓதிய தண்ணீர், ஜம்ஜம் எதுவானாலும் கொதிக்க வைத்த பிறகே பால் கலக்க வேண்டும். தண்ணீர் சுத்தமாக இருந்தாலும் பவுடரில் உள்ள கிருமி சாக அந்தச் சூடு வேண்டும். உங்கள் டப்பாவில் வெதுவெதுப்பான நீர் என்று எழுதியிருந்தால் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர், பிறகு பவுடர். டப்பாவில் உள்ள கரண்டியால் தலைதட்டி, அதில் சொன்ன கணக்கில் போடுங்கள். டப்பா நாலு நாள் கூடுதலாக வரட்டும் என்று தண்ணீரை அதிகம் ஊற்றினால் குழந்தைக்குச் சத்து குறையும். உடலில் உப்பின் அளவு குறைந்து வலிப்புகூட வரலாம்.

கலந்ததும் மூடிய பாட்டிலைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள்.

முன்கூட்டியே கலந்தே ஆக வேண்டுமென்றால்

ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கலப்பதே சிறந்தது. முடியாத நேரத்தில், மேலே சொன்ன முறையில் சுடுநீரில் கலந்து, ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிச் சிறு பாட்டிலில் ஊற்றுங்கள். உடனே குளிர்ந்த நீரில் ஆற்றி ஃபிரிட்ஜின் உட்புறத்தில், பின்பக்கமாக வையுங்கள். கதவில் வைக்க வேண்டாம். திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். குளிர் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கலந்த நேரத்தைப் பாட்டிலில் ஒட்டி வையுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். கரண்ட் போய் ஃபிரிட்ஜின் குளிர் விட்டுப்போனாலும் அந்தப் பாலைக் கொடுக்காதீர்கள்.

சூடாக்கும்போது பாட்டிலைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் 15 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். மைக்ரோவேவ் வேண்டாம், பால் சில இடங்களில் மட்டும் கொதித்துக் குழந்தையின் வாயைச் சுட்டுவிடும்.

இரவுக்கும் பயணத்துக்கும் இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. கொதித்த தண்ணீரை நல்ல ஃபிளாஸ்க்கில் நிரம்ப ஊற்றி வையுங்கள். பவுடரை அளந்து, சுத்தமான காய்ந்த சிறு டப்பாவில் தனியாக வையுங்கள். குழந்தை அழும்போது கலந்து, ஆற்றிக் கொடுங்கள். ஃபிளாஸ்க் தண்ணீர் சூடு குறைந்ததாகத் தோன்றினால் மறுபடி கொதிக்க வையுங்கள்.

மிச்சப் பாலை என்ன செய்வது?

உணவை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் குழந்தை பாதி குடித்த பாட்டிலை மூடி வைத்து அடுத்த வேளைக்குக் கொடுக்கும் உம்மம்மாமார் உண்டு. குழந்தையின் எச்சில் பட்ட பாலில் கிருமி இன்னும் விரைவாகப் பெருகும். வீண் விரயத்தைத் தவிர்க்க, மிச்சத்தைச் சேமிக்காமல் கலக்கும் அளவைக் குறையுங்கள். வழக்கமாக மிச்சம் வைக்கும் குழந்தைக்கு முதலில் குறைவாகக் கலந்து, கேட்டால் மறுபடி கலந்து கொடுக்கலாம்.

அடுப்படியில் ஒட்டி வைக்க

• கலந்த பால் வெளியில் இருந்தால்: அதிகபட்சம் 2 மணி நேரம்.
• குழந்தை வாய் வைத்த பால்: 1 மணி நேரம்.
• கலந்ததும் ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்த பால்: 24 மணி நேரம்.
• ஒருமுறை சூடாக்கிய பாலைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது.

காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழாத சோர்வு, ஓயாத அழுகை, வலிப்பு இவற்றில் எது தெரிந்தாலும், குறிப்பாகப் பச்சிளம் குழந்தை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பகலில் நாம் இல்லாத நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாமி, ராத்தா, வீட்டு வேலைக்கு வருபவர் எல்லோருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.